அறுபத்துநாலாவது பொந்து

அன்பு மகள் குட்டிமாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் இடது முழங்காலைத் தவிர, அதுவும் படி ஏறும்போது மட்டும்தான் முனகுகிறது, இறங்கும்போது சமர்த்தாக இருக்கிறது. அங்கே நீ சுகம் என்பதை உன் அம்மாவின் ஃபோனில் ஒட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். ஆறு வாரமாக நீ அவளைத்தான் கூப்பிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அது அடிக்கும்போது நான் பேப்பரை விரித்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு வரிகூடப் படிப்பதில்லை, காது முழுக்க அங்கேதான். நீ மத்தியானம் என்ன சாப்பிட்டாய், உன் அறை ஜன்னல் இப்போதாவது சரியாக மூடுகிறதா, ஆபீஸில் அந்தச் சிடுமூஞ்சி அம்மாள் மாற்றலாகிப் போனாளா எல்லாம் எனக்குத் தெரியும். கடைசியில் அப்பா எப்படி இருக்கார் என்று கேட்கிறாய், உன் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே, இருக்கார், கல்லு மாதிரி, என்கிறாள். ஃபோனில் பேசினால் என் வாய் என்னை முந்திக்கொண்டு ஓடிவிடும் என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் காகிதம். இதில் கை மெதுவாகத்தான் போகும், தப்பாக வந்தால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் எழுதலாம், ஏற்கெனவே இரண்டு கிழித்தாகிவிட்டது. நடுவில் கோபம் வந்தால் வைத்துவிட்டு ஒரு காப்பி குடித்துவிட்டு வா, ஆனால் கடைசி வரை படி.

உன் கேள்வி என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. விடுமுறைக்கு வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா அப்பா, நாங்கள் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறோம், நீங்கள் அவரைப் பார்க்க வேண்டும், என்று எழுதி ஒரு போட்டோவும் வைத்து அனுப்பியிருந்தாய். அதற்கு நான் ஃபோனில் சொன்ன பதிலைத் திருப்பி எழுத எனக்கே கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன், பூசி மெழுக மாட்டேன். அவனுக்கு நம்ம பாஷையில ஒரு வார்த்தை தெரியுமா, அவன் பாஷை எனக்குத் தெரியுமா, பத்து நாள் எதிரும் புதிருமா உக்காந்து நான் அவனோட என்னத்தப் பேசறது, சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கணுமா, என்றேன். நீ சண்டை போடுவாய் என்று எதிர்பார்த்தேன், அதற்கு வேண்டியதையெல்லாம் தயாராக வைத்திருந்தேன். நீ, சரிப்பா, என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். உன் அம்மா கரண்டியைத் தொட்டியில் போட்ட சத்தம் மேல் மாடி வரைக்கும் கேட்டிருக்கும். அன்றைக்கு அந்தப் போட்டோவைப் பழைய ரசீதுகளுக்கு அடியில் செருகி இழுப்பறையை மூடியவன், போன வெள்ளிக்கிழமை வரைக்கும் திறக்கவில்லை. ஏன் திறந்தேன் என்று சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

போன வாரம் உன் அறுபத்திநாலு மாமாவும் அத்தையும் வந்து ஆறு நாள் தங்கிவிட்டுப் போனார்கள். மாமாவை உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ, நாலு வயதில் அவன் மடியில் உட்கார்ந்து அவன் தொப்பியின் விளிம்பைக் கடித்துத் துப்பியவள் நீ. பழைய ஊரில் தபால் பிரிக்கும் கூடத்தில் நானும் அவனும் பதினோரு வருஷம் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல். இந்த நகரத்துக்குப் போகும் கடிதங்களுக்கென்றே அங்கே ஒரு பெரிய மரச்சட்டம் நிற்கும், மேலிருந்து கீழே எட்டு, பக்கவாட்டில் எட்டு, மொத்தம் அறுபத்துநாலு சின்னச் சின்ன அறைகள், நாங்கள் பொந்து என்போம். ஒரு பொந்துக்கு ஒரு தெரு. கடிதம் நிறைய வரும் தெருக்கள் கைக்கு நேராக நடு வரிசையில், எப்போதாவது வரும் தெருக்கள் குனிந்து போடும்படி அடியில். கடைசிப் பொந்துக்கு மட்டும் தெரு கிடையாது. கையெழுத்துப் புரியாதது, மழையில் நனைந்து பாதி அழிந்தது, நமக்குத் தெரியாத எழுத்தில் எழுதியது எல்லாம் அதில் போகும், சாயங்காலம் மூட்டை கட்டித் திருப்பி அனுப்பிவிடலாம், அதுதான் விதி. நான் விதிப்படி நடக்கிறவன், படிக்க வரவில்லையா, அதில் வீசிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். இவன் விடமாட்டான். எல்லாரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பின பிறகும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்தப் பொந்தைக் காலி செய்யாமல் எழுந்திருக்க மாட்டான், அதனால் அவனுக்கு அந்தப் பேர் நிலைத்துவிட்டது. எனக்கு முத்திரை என்று பேர், உறையின் மேல் ஏதோ ஜன்மப் பகை மாதிரி குத்துவேனாம்.

எனக்கு இங்கே மாற்றலாகி இருபத்துநாலு வருஷம் ஆயிற்று, அவன் ஒரு தடவைகூட வந்ததில்லை. இந்த நகரத்தின் தெருவெல்லாம் அவனுக்கு மனப்பாடம், ஆனால் ஒரு தெருவிலும் கால் வைத்ததில்லை, பஸ்ஸில் ஏறினால் குமட்டும். இப்போதுதான் உன் அத்தை ஒரு மாத்திரையைக் கொடுத்து, கண்ண மூடிக்கிட்டு வாங்க, நான் சொல்றப்ப திறந்தா போதும், என்று இழுத்து வந்துவிட்டாள். வந்தவன் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, நம் கட்டடத்தின் வாசலில் இருக்கும் கடிதப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றுவிட்டான். நீ இருந்த காலத்தில் எட்டுப் பெட்டியில் மூன்றில்தான் பேர் ஒட்டியிருந்தது. இப்போது எட்டிலும் இருக்கிறது, ஐந்து விதமான எழுத்தில். ஒன்று வலப்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறது, ஒன்று கொடியில் காயப்போட்ட துணி மாதிரி மேல் கோட்டிலிருந்து தொங்குகிறது, இன்னொன்று குட்டிக் குட்டி வீடு கட்டின மாதிரி இருக்கிறது. இவன் ஒவ்வொன்றையும் விரலால் தடவி, இதெல்லாம் எனக்குத் தெரியும்டா, நம்ம அறுபத்திநாலுல வந்துக்கிட்டே இருக்குமே, என்றான், சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்ட முகம் அவனுக்கு. இருபத்துநாலு வருஷமாக நான் அந்தப் பெட்டிகளைத் தாண்டித்தான் மாடி ஏறுகிறேன், ஒரு நாள் நின்று பார்த்ததில்லை.

மூன்று நாள் அவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றினேன், எனக்கே இது புது ஊர் மாதிரி இருந்தது. காலை ஏழு மணிக்கு பால்கனியில் நின்றால், மேல் வீட்டு நர்ஸம்மா ராத்திரி வேலை முடிந்து படி ஏறுகிறாள், எதிர்வீட்டு வாத்தியார் படி இறங்குகிறார், நடுப்படியில் அவர் படித்து முடித்த பேப்பர் இவள் கைக்கு மாறுகிறது. இதைப் பார்த்து உன் அத்தைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, இந்த வீட்ல ஒருத்தருக்குக் காலை இன்னொருத்தருக்கு ராத்திரி, என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சந்தையில் மீன்காரி நாலு பாஷையில் விலை கூவுகிறாள், வாங்குகிறவர்கள் அவரவர் பாஷையில் பேரம் பேசுகிறார்கள், சண்டை மட்டும் எல்லாருக்கும் புரிகிறது. நூலக வாசிப்பறையில் பத்துப் பெரியவர்கள், பத்துப் பேர் கையிலும் வேறு வேறு எழுத்தில் பேப்பர், இருமல் மட்டும் ஒரே மாதிரி. கட்டட வேலை நடக்கும் இடத்தில் மத்தியானம் தலைக்கவசங்களை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் அவரவர் எழுத்தில் அவரவர் பேர், இவன் அங்கேயும் குனிந்து நின்று படிக்கப் பார்த்தான், மேஸ்திரி வந்து என்னவோ ஏதோ என்று விசாரித்தார். இத்தனை பேரும் ஒருத்தர ஒருத்தர் இடிச்சுக்காம எப்படிடா நடக்கறாங்க, என்று கேட்டான். நானே நின்று கட்டின ஊர் மாதிரி, அதெல்லாம் பழக்கம், என்று தோளைக் குலுக்கினேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒன்று மட்டும் கவனிக்காமல் விட்டேன். பஸ்ஸில் போகும்போதெல்லாம் இவன் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தான், எந்தத் தெரு எதற்குப் பக்கம் என்று அவன் பார்க்கவே இல்லை.

வியாழக்கிழமை காலைச் சாப்பாட்டின்போது உன் அத்தை சாதாரணமாகத்தான் கேட்டாள், பொண்ணுக்கு எப்போ அண்ணே, ஏதாவது பாத்திருக்கீங்களா, என்று. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், நீ எழுதினது, போட்டோ, நான் கேட்ட கேள்வி, நீ வைத்த ஃபோன், ஒன்று விடாமல். ஆறு வாரமாக அடக்கி வைத்திருந்தது. எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து கூடத்தில் போய்ப் பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்காரன் எழுந்த பிறகு விருந்தாளி உட்கார்ந்து சாப்பிடுவானா, அவனும் பாதியிலேயே எழுந்துவிட்டான். என் பக்கத்தில் வந்து நின்று, முத்திரை, மணிக்கூண்டுத் தெரு இருபத்தொம்பதாம் நம்பரப் பாக்கணும்டா, வர்றியா, என்று கேட்டான். அந்த வீட்டுக்கு ஒரு கதை உண்டு. மாதம் ஒரு கடிதம் வரும், கோழி கிளறின மாதிரி கையெழுத்து, யாராலும் படிக்க முடியாது, இவன்தான் மூன்று மாதம் உட்கார்ந்து அது மணிக்கூண்டுத் தெரு இருபத்தொன்பது என்று கண்டுபிடித்தான், அதற்குப் பிறகு ஒன்றுகூடத் திரும்பிப் போகவில்லை. நான் பேப்பரை இறக்காமல், அப்புறம் பாக்கலாம், என்றேன். சரி, பக்கத்துத் தெருதானே, நானே போயிட்டு வர்றேன், என்றான். நான், ம், என்றேன். அவன் என்ன சொன்னான் என்று என் காதில் விழவே இல்லை குட்டிமா, என் கோபம்தான் எனக்குள் கத்திக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு உன் அத்தை வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடக்க ஆரம்பித்தாள். அவனுக்குச் சர்க்கரை வியாதி, காலையில் மாத்திரை போட்டாயிற்று, வயிற்றில் பாதிச் சாப்பாடுதான், அவன் ஃபோன் நம் வீட்டுச் சுவரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. எங்கே போனான் என்று அவள் கேட்டபோதுதான் எனக்கு அந்த, பக்கத்துத் தெரு, உறைத்தது. மணிக்கூண்டுத் தெரு நமக்குப் பக்கத்துத் தெருவா, ஆற்றைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டி, ஏழு நிறுத்தம். ஆனால் அந்த மரச்சட்டத்தில் நம் ஆலைத் தெரு பதினெட்டாவது பொந்து, மணிக்கூண்டுத் தெரு பத்தொன்பதாவது, முப்பது வருஷம் அவன் கை அடுத்தடுத்துப் போட்டது. இதில் அவனைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் வந்த புதிதில் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு இதே மாதிரி அந்தத் தெருவைத் தேடிப் போய், கடைசியில் மீன் சந்தையில் போய் நின்றவன்தான். பேப்பரின் ஓரத்தில் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு உட்கார்ந்தேன். பத்தொன்பது இல்லை என்றால் அவன் எங்கே தேடுவான், அதன் கீழே இருப்பது இருபத்தேழு, பாலத்தடித் தெரு, அது நிஜமாகவே நடந்து போகும் தூரம். உன் அம்மாவை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினேன், முழங்கால் முனகினதா என்றுகூடத் தெரியவில்லை.

இந்த ஊரில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று நான் உன்னிடமே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அது சுத்தப் பொய். முனையில் சாவி செய்கிறவர் அவனைப் பார்த்திருந்தார், தொப்பி போட்டவர்தானே, என் போர்டை இரண்டு தடவை சத்தமாப் படிச்சுட்டுப் போனார், என்றார். முடிதிருத்துகிறவருக்கு நம் பாஷை பாதிதான் வரும், சவரக் கத்தியாலேயே திசையைக் காட்டினார், நாற்காலியில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர் கையை வெளியே நீட்டி, இல்லை, அந்தப் பக்கம், என்று திருத்தினார். பாங்கு வாசலில் நிற்கும் காவல்காரப் பெண், அவன் வியர்த்து நின்றதைப் பார்த்து உள்ளே உட்காரச் சொன்னாளாம், இவன் மணிக்கூண்டு மணிக்கூண்டு என்று வானத்தைக் காட்டினானாம், கடவுளைத்தான் கும்பிடுகிறான் என்று நினைத்து அவளும் கும்பிட்டாளாம். பழக்கடைக்காரி நான் சொன்னது ஒரு வார்த்தை புரியாமலே என் முகத்தைப் பார்த்துவிட்டு, கடையை அப்படியே விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு தெரு முனை வரை வந்து பாலத்தைக் காட்டினாள். எத்தனை முகம், எத்தனை பாஷை, ஒருவர் விடாமல் என் ஆளைப் பார்த்து வைத்திருந்தார்கள், எனக்கு அழுகையே வந்துவிட்டது, வெயிலில் வியர்வை என்று துடைத்துக்கொண்டேன். பாலத்தடியில் பெரிய மீசை வைத்த ஒரு சைக்கிள்காரர், பின்னால் காகிதத்தில் சுற்றின சலவைத் துணிக் கட்டுகளோடு நின்றார், நான் கேட்டதும், தொப்பிக்காரரா, எங்க கடையிலதான் இருக்கார், வேலை செய்யறார், என்றார். வேலை செய்யறார் என்றதும் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்தச் சலவைக்கடைக்குள் நுழைந்ததும் ஆவியில் என் கண்ணாடி மூடிக்கொண்டது. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்க்கிறேன், நீளமான மேசையில் நாலு இஸ்திரிப் பெட்டி, அதற்குப் பின்னால் சுவர் முழுக்க, கூரை வரைக்கும், மரப் பொந்துகள். அதன் முன்னால் உன் மாமா சட்டைக் கையை மடித்துவிட்டு, தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு, துணிக் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேலே ஒட்டின விலாசத்தைப் படித்து, பொந்து பொந்தாக வீசிக்கொண்டிருக்கிறான், முப்பது வயதில் வீசின அதே வீச்சு. கடைக்கார அம்மாவுக்கு என் வயது இருக்கும், தலையில் துணி கட்டி, புஜம் இரண்டும் உலக்கை மாதிரி, அவனுக்குப் பக்கத்தில் நின்று கட்டு எடுத்துக் கொடுக்கிறார். இவன் நம் பாஷையில் எண்ணைச் சொல்கிறான், அந்தம்மா அதைத் திருப்பிச் சொல்கிறார், தப்பாக, இவன் திருத்துகிறான், அந்தம்மா தன் பாஷையில் ஒன்று சொல்கிறார், இவன் அதைச் சொல்லிப் பார்த்து நாக்குக் குழறுகிறான், இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஸ்டூலில் ஒரு காலி டீ டம்ளர், கடித்து வைத்த ரொட்டி. என்னைப் பார்த்ததும் அவன், டேய் முத்திரை, வா வா, இந்தம்மாவோட பொந்தெல்லாம் தாறுமாறா இருந்துச்சு, ஒழுங்கு பண்ணிக் குடுத்துக்கிட்டு இருக்கேன், என்றான். திட்டலாம் என்றுதான் வந்தேன். அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், அந்தம்மா இஸ்திரி போட்ட துவாலை ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார், சூடாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், வாசலில் வியர்த்து நின்றவனை அந்தம்மா உள்ளே உட்கார வைத்து டீ கொடுத்ததை இவனே சொல்ல, உன் அத்தை அவனைப் பிடிபிடி என்று பிடித்தாள், சர்க்கரைக்காரருக்கு ஒரு டம்ளர் டீயில அஞ்சு ஸ்பூன் சர்க்கரையா, என்று. அப்போதுதான் தூங்கி எழுந்து வந்த மேல் வீட்டு நர்ஸம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, மாத்திரையும் போட்டு வெறும் வயிற்றோட நடந்திருக்காரு, சர்க்கரை இறங்கிப் போயிருக்கு, அந்த டீதான் அவரைக் காப்பாத்தியிருக்கு, அந்தக் கைக்கு முத்தம் குடுக்கணும், என்றாள். அத்தை திட்டை நிறுத்திவிட்டு அவனுக்குத் தட்டு வைத்தாள். அன்றைக்கு முழுக்க அவனுக்கு அந்தச் சலவைக்கடைப் புராணம்தான். மூன்று மணி நேரம் என்னதாண்டா பேசின, என்று கேட்டேன். பேசினோமே, நான் நம்மளதுல பேசினேன், அந்தம்மா அவங்களதுல பேசினாங்க, நல்ல மனுஷி, புருஷன் இல்ல, ரெண்டு பசங்க தூரத்துல, முதுகு வலி, என்றான். எப்படிடா தெரியும் என்றேன். சொன்னாங்கடா, என்றான், என்னை ஏதோ மந்தபுத்தியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமை காலை உன் அம்மா கொடுத்த பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு நன்றி சொல்ல நான் மட்டும் கடைக்குப் போனேன். வாசலில் அந்த மீசைக்காரர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பெரியவர் இன்னிக்கும் வர்றாரா, என்றார், கொஞ்சம் பயத்தோடு. ஏன் என்று துருவினேன். அந்தக் கடையில் விலாசத்தைப் பார்த்துப் பிரிப்பதே இல்லையாம், அந்தம்மாவுக்கு நம் எழுத்துப் படிக்க வராது. ஒவ்வொரு கட்டிலும் கலர் நூல் கட்டியிருக்கும், சிவப்பு நூல் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பச்சை ஆஸ்பத்திரிப் பக்கம், மஞ்சள் இந்தப் பக்கம், சைக்கிள் போகிற வழிப்படி பொந்து. உன் மாமா நூலைக் கவனிக்கவே இல்லை, நூற்றி இருபது கட்டையும் எங்கள் பழைய சட்டத்து வரிசையில் கலைத்து வைத்துவிட்டான். நாங்கள் கிளம்பின பிறகு எல்லாவற்றையும் கீழே இறக்கி மறுபடி அடுக்க அந்தம்மாவுக்கும் அவருக்கும் கடை சாத்துகிற நேரம் ஆகிவிட்டதாம். எனக்கு மானம் போயிற்று. முதல் கட்டிலேயே தெரிந்திருக்குமே, ஏன் தடுக்கலை, என்று கேட்டேன். அவர் உள்ளே போய் அந்தம்மாவிடம் கேட்டார், அந்தம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, தன் இரண்டு கையையும் நடுங்குகிற மாதிரி ஆட்டிக் காட்டினார், அப்புறம் ஒரு துணிக்கட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஆட்டத்தை நிறுத்திக் காட்டினார். அவ்வளவுதான். மீசைக்காரர், இதுக்கு நான் என்னத்த மொழிபெயர்க்கறது, என்றார். வேண்டியிருக்கவில்லை.

இதை உன் மாமாவிடம் நான் சொல்லவில்லை, நீயும் என்றைக்கும் வாய் தவறிச் சொல்லிவிடாதே. ஊர் திரும்பி, நகரத்துச் சலவைக்கடையையே ஒழுங்குபடுத்தியவன் என்று இப்போது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான், சொல்லட்டும். சனிக்கிழமை அவர்கள் கிளம்புவதற்கு முன்னால் நானே அவனை மணிக்கூண்டுத் தெருவுக்கு நடத்திக் கூட்டிப் போனேன், பஸ் வேண்டாம் என்று. இருபத்தொன்பதாம் நம்பர் கீழே இப்போது சைக்கிள் பழுது பார்க்கிற கடை, மேலே ஜன்னலில் ஒரு சின்னப் பெண் எங்களைப் பார்த்துக் கையசைத்தாள். அந்தக் கடிதங்கள் யாருக்கு வந்தன என்று யாருக்கும் தெரியவில்லை. இவனுக்கு வருத்தமே இல்லை, வீடு இருக்குல்ல, எல்லாம் வந்து சேந்திருக்கும், என்றான். அங்கே அந்த நடைபாதையில் நின்றுகொண்டுதான் உன்னிடம் நான் கேட்ட கேள்வியை என் வாயால் அவனிடம் சொன்னேன், பொண்ணுக்கிட்ட இப்படிக் கேட்டுட்டேன்டா, என்று. அவன் ஆறுதல் சொல்வான் என்று நினைத்தேன். உன் குணம் எனக்குத் தெரியாதா முத்திரை, உனக்குப் படிக்க வரலைன்னா திருப்பிக்கூடப் பாக்க மாட்ட, அறுபத்திநாலுல வீசிட்டு டீ குடிக்கப் போற ஆளு, கவர் பரவால்லடா, உன் பொண்ணு அனுப்பின புள்ளயக்கூடவா, என்றான். சுள்ளென்று பட்டது, ஏனென்றால் அது நிஜம்.

சலவைக்கடையிலிருந்து வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே இழுப்பறையைத் திறந்து போட்டோவை எடுத்துவிட்டேன், அவன் சொல்லித்தான் எடுத்தேன் என்று நினைத்துவிடாதே, ஒரு நாள் முந்தியே எடுத்தேன், என் மானத்துக்காக இதைக் குறித்து வைக்கிறேன். இப்போதுதான் நன்றாகப் பார்க்கிறேன். அந்தப் பிள்ளைக்கு வலது புருவம் கொஞ்சம் ஏறியிருக்கிறது, சிரிக்கும்போது கூச்சப்படுகிறவன் என்று தெரிகிறது, சட்டைக் காலரில் மாவு ஒட்டியிருக்கிறது. ரொட்டி சுடுகிறவன் என்று நீ எழுதியிருந்தாய், வேலையிலிருந்து நேராக வந்து எடுத்துக்கொண்ட போட்டோவா. உன் தோளில் கை போடலாமா வேண்டாமா என்று அந்தக் கை பாதியில் நிற்கிறது. போடச் சொல். இவ்வளவும் அதில் எழுதித்தான் இருந்திருக்கிறது குட்டிமா, நான்தான் படிக்கவில்லை. என்னை மன்னித்துவிடு என்று எழுத நினைத்து இரண்டு தாளைக் கிழித்தேன், அப்பாக்களுக்கு அந்த வார்த்தை கோணலாகத்தான் வரும், கோணலாகவே வாங்கிக்கொள்.

அவனைக் கூட்டிக்கொண்டு வா. பத்து நாள் போதாது, பதினைந்து நாளாக வா. என்ன பேசுவோம் என்று எனக்கு இன்னும் தெரியாது, ஆனால் அவன் விடியற்காலையில் எழுந்து பழகினவன், எனக்கும் தூக்கம் நாலரைக்கே போய்விடுகிறது, சமையலறையில் இரண்டு பேரும் உன் அம்மாவை எழுப்பாமல் மாவு பிசையலாம், நான் தப்பாகப் பிசைந்தால் அவன் தடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி வை. பாலத்தடிக் கடை அம்மாவிடம் அவனைக் கூட்டிப் போய்க் காட்ட வேண்டும். உன் அம்மா இப்போதே அறையை ஒழிக்கிறேன் என்று என் பழைய பேப்பரையெல்லாம் கட்டிப் போட்டுவிட்டாள், நேற்றிலிருந்து என்னோடு முழு வாக்கியமாகப் பேசுகிறாள், பயமாக இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு, அந்த ஜன்னலைச் சரி செய்யச் சொல்லி வீட்டுக்காரரை விடாமல் கேள், குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல், ஒருவர் கையை ஒருவர் விடாமல், நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், இது அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சொல்வது.

ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. இதற்கு நீ பதில் போடும்போது உறையின் மேலே விலாசத்தை நீ நம் எழுத்தில் எழுது, தபால்காரர் பாவம், அவரைச் சோதிக்க வேண்டாம். அதற்குக் கீழே அவன் தன் பெயரை அவன் எழுத்தில், அவன் கையால் எழுதட்டும். எனக்குப் படிக்க வராதுதான். பரவாயில்லை, இந்தத் தடவை நான் டீ குடிக்கப் போகமாட்டேன்.

உன் பதிலுக்காக வாசல் பெட்டியைத் தினம் மூன்று தடவை திறந்து பார்க்கும்,
உன் அப்பா.